செயற்கைப் புல் மைதானத்தை உலகக் கோப்பைக்கு இயற்கைப் புல் தளமாக மாற்றுவது எப்படி? – முழுமையான வழிகாட்டி

ஆண்கள் கால்பந்து உலகக் கோப்பை ஆட்டம் எதுவும் இதுவரை முழுச் செயற்கைத் தளத்தில் நடந்ததில்லை. 2015இல் கனடா பெண்கள் உலகக் கோப்பையைச் செயற்கைப் புல்லில் நடத்தியபோது வீராங்கனைகள் சட்ட வழியிலேயே எதிர்த்தார்கள். 2026 உலகக் கோப்பைக்குத் தேர்வான 16 மைதானங்களில் எட்டு, வழக்கமாகச் செயற்கைப் புல் விரித்தவை: டல்லாஸ், ஹூஸ்டன், அட்லாண்டா, லாஸ் ஏஞ்சலஸ், வான்கூவர், நியூயார்க்–நியூஜெர்சி, பாஸ்டன், சியாட்டில். இவற்றில் முதல் ஐந்துக்கும் கூரை உண்டு. வெயில் விழாத இடத்தில், கான்கிரீட் தரைக்கு மேல், ஐந்து வாரத்துக்கும் மேலாக ஆட்டத்தைத் தாங்கும் புல்லை நிறுத்த வேண்டும். விமான நிலையம், ரயில், ரசிகர் திடல் என்று நடத்தும் நகரத்துக்கு நூறு வேலைகள் இருக்கும். இந்த வழிகாட்டி ஆடுதளத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது.

இந்த வேலை கெட்டுப்போகும் இடங்களில் பெரும்பாலும் புல் மீது தவறு இருக்காது. தேதி குறைவாகக் கொடுத்திருப்பார்கள், அல்லது அடித்தளத்தில் சிக்கனம் பிடித்திருப்பார்கள். தென் அமெரிக்கக் கால்பந்துத் தொடரான கோபா அமெரிக்காவின் 2024 முதல் ஆட்டம் நல்ல உதாரணம். அட்லாண்டாவில் சில நாள் முன்பு வரை செயற்கைத் தளத்தில் உள்ளூர் லீக் ஆட்டம் நடந்தது. அதற்குப் பிறகுதான் புல் விரித்தார்கள். அர்ஜென்டினா வென்றது, வென்ற அணியின் பயிற்சியாளர் ஸ்கலோனியே தளத்தைக் கடுமையாகக் குறை சொன்னார். தோற்ற அணி சொல்லியிருந்தால் சாக்கு என்று தள்ளியிருப்பார்கள்.

1. முதலில் தேதிகளைக் கையெழுத்தாக வாங்குங்கள்

மைதானத்தின் உரிமையாளர் இசை நிகழ்ச்சி, கண்காட்சி, வேறு விளையாட்டு என்று வருடம் முழுக்க வாடகைக்கு விடுபவர். ஹூஸ்டன் மைதானத்தில் மார்ச் மாதம் ரோடியோ என்னும் குதிரை, காளைச் சவாரிப் போட்டி நடக்கும். தரை முழுக்க மண் கொட்டியிருக்கும். இந்த மாதிரி நிகழ்ச்சிக்கும் முதல் ஆட்டத்துக்கும் நடுவே எத்தனை நாள் காலி என்பதுதான் உங்கள் உண்மையான மூலதனம். குறைந்தபட்சக் கணக்கு இப்படி வரும்:

- செயற்கைப் புல், ரப்பர் துகள், மெத்தை அகற்ற: 1 வாரம்
- வடிகால், மணல், சமன் செய்ய: 10 முதல் 12 நாள்
- புல் விரிக்க: 4 நாள்
- வேர் பிடிக்க: 3 வாரம்

மொத்தம் 42 முதல் 44 நாள், ஏறக்குறைய ஆறு வாரம். உரிமையாளர் ஐந்து வாரம்தான் தருவேன் என்றால், வேர் பிடிக்கும் நாட்களைக் குறைக்காதீர்கள். இரவு வேலைக்கு ஆள் போட்டு முதல் இரண்டு கட்டங்களைச் சுருக்குங்கள். மணல் கொட்டுவதை இரண்டு ஷிப்டில் முடித்துவிடலாம். வேரை அப்படி விரட்ட முடியாது.

2. அளவெடுங்கள்

ஆடுகளம் 105 × 68 மீட்டர். ஓரப் பகுதி, உடல் தயார்ப் பயிற்சி இடம், விளம்பரப் பலகை எல்லாம் சேர்த்து 125 × 85 மீட்டர் வேண்டும் என்பது ஃபிஃபா வழிகாட்டு அளவு. இந்த மைதானங்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கால்பந்து என்ற வேறு விளையாட்டுக்கானவை; அதன் தளம் சுமார் 110 × 49 மீட்டர்தான். நீளத்தில் சிக்கல் இல்லை. அகலத்தில் 19 மீட்டர் இடிக்கிறது, மூலைகளில் இன்னும் மோசம். நியூஜெர்சி மைதானத்தில் இதற்காக 1,740 இருக்கைகளை எடுக்க வேண்டியிருந்தது. 2024 கோபா அமெரிக்காவில் இந்தச் சங்கடத்தைத் தவிர்க்கத் தளத்தையே 100 × 64 மீட்டராகச் சுருக்கினார்கள். உலகக் கோப்பையில் அந்தச் சலுகை இல்லை.

தளத்தை உயர்த்துவது இன்னொரு வழி. பார்வையாளர் மாடம் மேலே போகப்போக அகலுவதால், தரையை உயர்த்தினால் இடம் கிடைக்கும். ஆனால் உயர்த்திய பிறகு முதல் வரிசைகளிலிருந்து எதிர்ப்பக்கக் கோடு தெரிகிறதா, விளம்பரப் பலகை மறைக்கிறதா என்று ஒவ்வொரு பிரிவிலும் உட்கார்ந்து பாருங்கள். வரைபடத்தில் தெரியும் இடம் நேரில் மறைவது சாதாரணம்.

கீழ்க்கணக்குகள் எல்லாம் 115 × 78 மீட்டர், அதாவது ஏறக்குறைய 9,000 சதுர மீட்டர் புல்லுக்கு. தரைக்குக் கீழே வாகன நிறுத்தமோ அறைகளோ இருந்தால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். ஈரமான மணலும் புல்லும் வடிகாலும் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு 400 கிலோ தாண்டும்; அதன் மேல் லாரியும் ஓடும்.

3. எந்தப் புல்?

வெயில் நிறைய விழும் திறந்த, வெப்பமான மைதானம் என்றால் பெர்முடா. நம் ஊர் அறுகம்புல்லின் குடும்பம்தான். வேகமாகப் படர்ந்து காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். 2017 இளையோர் உலகக் கோப்பைக்காகக் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் செயற்கைத் தளத்தை எடுத்துவிட்டு விரித்ததும் பெர்முடாதான். ஆனால் நிழலில் அது சோர்ந்து, இழை மெலிந்து, நீண்டு போய்விடும்.

கூரை உள்ள இடத்துக்குக் கென்டக்கி புளூகிராஸும் பெரென்னியல் ரைகிராஸும் கலந்தது. இரண்டும் குளிர்பிரதேசப் புல். டெக்சாஸ் கோடையில் குளிர்பிரதேசப் புல்லா என்று கேட்கலாம். குளிரூட்டிய கூரைக்குள் வெளிவெயில் பொருட்டல்ல; வெளிச்சம்தான் பொருட்டு. புளூகிராஸ் மண்ணுக்கடியில் தண்டு விட்டுப் பின்னிக்கொள்ளும், அதனால் புல் பாளம் கிழியாது. ரைகிராஸ் சீக்கிரம் முளைத்துப் பச்சை காட்டும். தனி ரைகிராஸ் மலிவு என்று ஆசைப்படாதீர்கள். கொத்துக் கொத்தாக வளரும் அதற்குப் பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும் குணம் இல்லை.

2026க்கான ஆராய்ச்சியை டென்னசி பல்கலைக்கழகத்தில் ஜான் சொரோச்சனும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ட்ரே ரோஜர்ஸும் நடத்தினார்கள். இதே ரோஜர்ஸ் 1994இல் டெட்ராய்ட் அருகே பாண்டியாக் சில்வர்டோமில் அறுகோணத் தட்டுகளில் புல் வளர்த்து உள்ளே கொண்டுவந்து அடுக்கியவர். ஜூன் 18, 1994இல் அமெரிக்காவும் சுவிட்சர்லாந்தும் அங்கே 1–1 என்று ஆடியதுதான் கூரைக்குள் நடந்த முதல் உலகக் கோப்பை ஆட்டம். அப்போது ஒரு குழுச் சுற்று தாங்கினால் போதும். 2026இல் டல்லாஸ் மைதானத்துக்கு மட்டும் ஒன்பது ஆட்டங்கள்.

தளத்தையே வெளியே வளர்த்து உள்ளே நகர்த்துவது மூன்றாவது வழி. ஜப்பானின் சப்போரோ டோம் சுமார் 8,300 டன் தளத்தைக் காற்றழுத்தத்தில் மிதக்கவிட்டு நகர்த்துகிறது. ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷனிலும் தளம் வெளியே போய் வெயில் காயும். மைதானம் கட்டும்போதே திட்டமிட்டிருந்தால்தான் இது. பின்னால் சேர்ப்பது மிகக் கடினம்.

4. பண்ணையில் வளர்ப்பது

சாதாரணப் புல் பண்ணையில் வெட்டுக்கத்தி அடியில் ஓடும்போது வேரில் பெரும்பகுதி அறுந்துவிடும். அந்தப் புல்லைக் கொண்டுவந்து விரித்தால் முதல் இரண்டு வாரம் அது வெறும் பாய். அதனால் பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன் மேல் மணல் பரப்பி, அதில் விதைக்கிறார்கள். வேர் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் பின்னிக்கொள்ளும். சுருட்டும்போது ஒரு வேரும் அறுபடாது. புது மணலில் வைத்ததும் உடனே கீழே இறங்கத் தொடங்கும். முந்தைய ஆண்டிலேயே விதைத்துவிடுவது பாதுகாப்பு.

பண்ணை ஒப்பந்தத்தில் நான்கு விஷயம் இருக்கட்டும். ஒன்று, பண்ணையில் பயன்படும் மணலும் மைதானத்தில் கொட்டும் மணலும் ஒரே தரம். நுண்மணல் மேலேயும் பருமணல் கீழேயும் வந்தால் தண்ணீர் எல்லையிலேயே நிற்கும், வேரும் அங்கேயே திரும்பிவிடும். களிமண் பண்ணையில் வளர்ந்த புல்லை எடுக்கவே கூடாது. இரண்டு, பாளத்தின் கனம் 40 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மூன்று, தேவைக்கு மேல் 10 சதவீதம் அதே வயதுப் புல் இருப்பில் இருக்க வேண்டும். நான்கு, பயிற்சி மைதானங்களுக்கும் அதே கலவை. வீரர் பழகும் தளம் ஒன்று, ஆடும் தளம் வேறு என்றால் பந்தின் வேகம் மாறும்.

பிளாஸ்டிக் இழை சேர்த்த கலப்புத் தளம் இப்போது வழக்கம். இழையின் பங்கு 5 சதவீதம் அளவுதான், மீதி உயிருள்ள புல். நிரந்தர மைதானத்தில் 180 மி.மீ. ஆழம் வரை இழையைத் தைப்பார்கள். உங்களிடம் மணலே 200 மி.மீ. என்றால் அந்த ஆழத்தில் ஊசி வடிகாலை நெருங்கிவிடும். ஆழம் குறைந்த தையலைக் கேளுங்கள், அல்லது இழைக் கம்பளத்தில் வளர்த்த புல்லை வாங்குங்கள்.

5. அடித்தளம்

செயற்கைப் புல்லின் மேலேயே பலகை போட்டு, அதன் மேல் புல்லை விரித்துவிடலாம் என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். ஒரு நட்பு ஆட்டத்துக்குச் சரி. உலகக் கோப்பைக்கு வேண்டாம். அடியில் ரப்பரும் மெத்தையும் இருந்தால் ஓடும்போது தளம் தூக்கிப்போடும், வடிகால் போகாது, வேர் இறங்க இடமில்லை.

கான்கிரீட் வரை சுத்தமாக எடுத்த பின் வரிசை இது:

- கான்கிரீட் மீது துணிப்படலம். கூர்முனை, பழைய ஆணி, வயர் முனைகளை முன்பே நீக்கிவிடுங்கள்.
- 85 மி.மீ. உயரப் பிளாஸ்டிக் வடிகால் பெட்டிகள், அல்லது 100 மி.மீ. கழுவிய ஜல்லி. பெட்டிகள் எடை குறைவு. பிறகு மறுபடி பயன்படும். உள்ளே காற்றும் ஓடும்.
- மறுபடி துணிப்படலம்.
- 200 மி.மீ. மணல். இடமும் எடையும் அனுமதித்தால் 300.
- 40 மி.மீ. புல் பாளம்.

200 மி.மீ. மணல் என்பது 1,800 கன மீட்டர், சுமார் 2,900 டன், 20 டன் லாரியில் 145 நடை. மைதானத்துக்குள் வரும் சுரங்க வாசல் ஒன்றுதான் என்றால் லாரி வந்து போகும் வரிசையை மணிக்கணக்கில் எழுதி வையுங்கள்.

மணலில் குறைந்தது 60 சதவீதம் 0.25 முதல் 1 மி.மீ. பருமன். மிக நுண்மணல், வண்டல், களி மூன்றும் சேர்ந்து 10 சதவீதம் தாண்டக் கூடாது. களி மட்டும் 3 சதவீதத்துக்குள். நீர் இறங்கும் வேகம் மணிக்கு 150 மி.மீ.க்கு மேல். குவாரி சான்றிதழை நம்பி ஒப்புக்கொள்ளாமல், வரும் சுமைகளில் ஐநூறு டன்னுக்கு ஒரு மாதிரியாவது ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

ஆழம் குறைந்த மணலின் குணம் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜல்லிக்கோ வெற்றுப் பெட்டிக்கோ மேலே மணல் இருந்தால், அடிப்பகுதி மணலில் தண்ணீர் தொங்கி நிற்கும், கீழே சொட்டாது. 300 மி.மீ. ஆழம் என்றால் அந்த ஈரப்பகுதி வேருக்குக் கீழே இருக்கும், நல்லது. 150 என்றால் அது வேரையே நனைத்துக்கொண்டிருக்கும். அதனால் மணல் அடுக்கு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு பருமனான துகள் தேவை. வடிகால் பெட்டிகளோடு காற்றை உறிஞ்சும் விசிறி இணைத்தால் அந்த நீரை இழுத்துவிடலாம். அதே விசிறியைத் திருப்பி ஓட்டினால் வேருக்குக் காற்று கிடைக்கும். செலவுதான், ஆனால் கூரைக்குள் இதைத் தவிர்க்கச் சொல்ல மாட்டோம்.

மணலை நனைத்தே பரப்புங்கள், நனைத்தே உருளையிடுங்கள். காய்ந்த மணல் இறுகாது. மேலே நடந்தால் கால்தடம் 6 மி.மீ.க்கு மேல் பதியக் கூடாது. லேசர் சமன்கருவியில் ±6 மி.மீ.; 3 மீட்டர் நேர்க்கோல் வைத்துப் பார்த்தால் அடியில் 10 மி.மீ. இடைவெளிக்கு மேல் இருக்கக் கூடாது. இங்கே விட்ட பள்ளத்தைப் புல் விரித்த பின் சரிசெய்ய முடியாது.

6. புல் விரிக்கும் நான்கு நாள்

1.2 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளமுள்ள ஒரு சுருள் சுமார் 750 கிலோ. மொத்தம் 750 சுருள், 560 டன், 28 லாரி. கோடையில் குளிர்பதன லாரிதான். சுருட்டிய புல் சுவாசிக்கும். உள்ளே வெப்பம் ஏறும். 24 மணி நேரத்துக்குள் விரிக்காவிட்டால் சுருளின் நடுப்பகுதி மஞ்சளாகி வெந்துவிடும். லாரி வந்ததும் நீளத் தண்டு வெப்பமானியைச் சுருளின் நடுவில் குத்திப் பாருங்கள். 40 டிகிரி தொட்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள், சங்கடப்பட வேண்டாம். நான்கு நாளுக்கும் அறுவடையைப் பிரியுங்கள். மொத்தத்தையும் முதல் நாளே அறுக்கச் சம்மதிக்காதீர்கள்.

முன்நாள் மணலை நனைத்து வையுங்கள். நீளமான கயிறு கட்டி நேர்க்கோடு பிடித்து, செங்கல் வரிசை போல மூட்டுகள் தள்ளித் தள்ளி வர வேண்டும். சுருளை இழுக்காமல் பக்கத்துச் சுருளோடு தள்ளி நெருக்குங்கள். இழுத்துப் பொருத்தியது காய்ந்ததும் சுருங்கி விரல் நுழையும் பிளவு விடும். கோல் கம்பத்துக்கு முன்னுள்ள ஆறு கெஜப் பெட்டிக்குள் சுருள்களின் முனை மூட்டும், பெனால்டி புள்ளியில் எந்த மூட்டும் விழாதபடி வரிசையை முன்பே வரைந்து தொடங்குங்கள். இயந்திரம் எப்போதும் பலகை மேல்தான் ஓட வேண்டும்.

விரித்த ஒவ்வொரு பகுதிக்கும் அரை மணிக்குள் தண்ணீர். 5 மி.மீ. நீர் என்றால் முழுத் தளத்துக்கு 45,000 லிட்டர். மைதானத்தின் கழிப்பறைக் குழாயிலிருந்து பிடிக்கலாம் என்று எண்ணாமல் தனித் தொட்டியும் பம்பும் வையுங்கள். பிறகு ஒரு டன் உருளை, இரு திசையிலும். கடைசியில் 2 மி.மீ. மணல், 18 கன மீட்டர், தூவித் துடைப்பத்தால் மூட்டுகளுக்குள் தள்ளுங்கள்.

7. வேர் பிடிக்கும் மூன்று வாரம்

இங்கேதான் கூரை உங்களைச் சோதிக்கும். புல்லுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு ஒளி சேர்கிறது என்று அளக்க வேண்டும். கருவி காட்டும் ஒளியளவை (ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் ஒளித்துகள்களின் எண்ணிக்கை, மைக்ரோமோல் கணக்கில்; பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்) நேரத்தால் பெருக்குங்கள். 400 மைக்ரோமோல் தரும் விளக்கு 10 மணி நேரம் எரிந்தால் 14.4 மோல். குளிர்பிரதேசப் புல் இதில் பிழைத்து ஆட்டமும் தாங்கும். பெர்முடாவுக்கு 20க்கு மேல் வேண்டும்.

தளம் முழுக்க ஒரே நேரத்தில் இந்த ஒளியைக் கொடுக்க, நல்ல எல்.இ.டி. விளக்குக்குச் சதுர மீட்டருக்கு 133 வாட், மொத்தம் 1.2 மெகாவாட். பத்து மணி நேரத்துக்கு 12,000 யூனிட். மின் இணைப்பை விளக்கு வந்த பிறகு யோசிப்பவர்கள் உண்டு. டிரான்ஸ்ஃபார்மருக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். ஐரோப்பியக் குளிர்கால மைதானங்களில் பழைய சோடியம் விளக்கின் வெப்பம் புல்லுக்கு உதவும். கோடைக் கூரைக்குள் அதே வெப்பம் பூஞ்சையை வளர்க்கும், எல்.இ.டி.யே எடுங்கள். விளக்கு குறைவாக இருந்தால் கோல் முகப்புகளுக்கும், வட அரைக்கோளத்தில் தெற்கு மாடத்தின் நிழல் விழும் பக்கத்துக்கும் முன்னுரிமை.

வெட்டும் உயரம் முதலில் 30 மி.மீ., படிப்படியாக 25. ஒரே வெட்டில் இழையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். தழைச்சத்து சதுர மீட்டருக்கு 2.5 கிராம், அதாவது மொத்தம் 22.5 கிலோ, பத்து நாளைக்கு ஒருமுறை. பச்சை போதவில்லை என்று இன்னும் போட்டால் இலை தடித்து வேர் நின்றுவிடும். பிதியம் அழுகல் என்ற புல் நோய் வந்தால் இரண்டே இரவில் எண்ணெய் தடவியது போல் திட்டுகள் பரவும். விசிறிகள் இரவிலும் ஓடட்டும். கடைசி நீர்ப்பாய்ச்சல் மதியத்துக்குள் முடியட்டும். விடியலில் பனிநீரைக் கயிறு இழுத்து உதிர்த்துவிடுங்கள்.

வேர் பிடித்ததா என்று பார்க்க ஓரத்துப் பாளத்தின் மூலையை இரு கையால் தூக்குங்கள். பாய் போல எழுந்தால் யாரையும் உள்ளே விடாதீர்கள்.

8. அளந்து ஏற்றுக்கொள்வது

கண்ணுக்குப் பச்சையாக இருப்பது தேர்ச்சி அல்ல. செயற்கைத் தளத்துக்கு ஃபிஃபா வைத்துள்ள உயர்தர எல்லைகளை ஒப்பிட்டுக்கொள்வது வசதி: 2 மீட்டரிலிருந்து விட்ட பந்து 60 முதல் 85 செ.மீ. எழும்ப வேண்டும், சரிவிலிருந்து விட்ட பந்து 4 முதல் 8 மீட்டர் உருள வேண்டும், காலணி ஆணியின் திருப்பு எதிர்ப்பு 30 முதல் 45 நியூட்டன் மீட்டர். திருப்பு எதிர்ப்பு குறைந்தால் வழுக்கும். கூடினால் முழங்கால் போகும். கடினத்தைக் கிளெக் சுத்தியலால் பாருங்கள்; எடையைக் கீழே விட்டு மோதலை அளக்கும் கருவி இது, எண் கூடினால் தரை கடினம். அமெரிக்கக் கால்பந்து லீக் 2.25 கிலோ சுத்தியலில் 100ஐ மேல் எல்லையாக வைத்திருக்கிறது. முப்பது புள்ளிகளிலாவது அளந்து, புள்ளிக்குப் புள்ளி வித்தியாசத்தைப் பாருங்கள். சராசரி சரியாக இருந்து ஓரம் கல்லாகவும் நடு மெத்தையாகவும் இருந்தால் அதுதான் ஆபத்து.

பார்த்தவுடன் காரணம் கண்டுபிடிக்க:

- துள்ளல்: பாளத்துக்கும் மணலுக்கும் நடுவே வெற்றிடம், அல்லது அடியில் மிச்சமான மெத்தை. உருளையிடுங்கள், எடுத்துப் பாருங்கள்.
- பாளம் பெயர்ந்து புரள்வது: வேர் இறங்கவில்லை. பெரும்பாலும் அதிக நீர்.
- பந்து நின்று போவது: உயரமான புல் அல்லது காய்ந்த மேற்பரப்பு. 24 மி.மீ.க்கு வெட்டி, ஆட்டத்துக்கு முன் 2–3 மி.மீ. நீர்.
- நீர் தேக்கம்: மணல் நுண்மை அல்லது வடிகால் துணி அடைப்பு. குழாய் முனையில் தண்ணீர் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

9. ஆட்ட நாட்களில்

தளத்தைத் தேய்ப்பது 90 நிமிட ஆட்டத்தைவிட அதற்கு முன்னான அரை மணி நேரம்தான். கோல்கீப்பர் பயிற்சிக்கு நகர்த்தும் கோல் கம்பம் வைத்து, உண்மையான கோல் முகப்பைக் காப்பாற்றுங்கள். முந்தின நாள் அணிகள் சாதாரணக் காலணியோடு நடந்து பார்க்கட்டும். பயிற்சி வேறு மைதானத்தில். தொடக்க விழாக் குழு ஒத்திகைக்குக் கேட்கும் நேரத்தைப் பாதியாக வெட்டுங்கள், எப்படியும் அதிகமாகத்தான் கேட்டிருப்பார்கள்.

ஆட்டம் முடிந்த அரை மணிக்குள் ஆட்கள் கைக்கருவியோடு இறங்கிப் பெயர்ந்த துண்டுகளை அமுக்க வேண்டும். மறுநாள் காலை வரை விட்டால் அவை காய்ந்துவிடும். உடைந்த பகுதியை மாற்ற இருப்புப் புல்லிலிருந்து 50 மி.மீ.க்குக் குறையாத கனத்தில் வெட்டுங்கள். கனமான பாளம் தன் எடையிலேயே உட்காரும், வேர் பிடிக்கும் முன்பே ஆடலாம். விளக்குகள் அன்றிரவே தளத்துக்கு வந்துவிட வேண்டும்.

10. எடுப்பது

உரிமையாளர் செயற்கைப் புல்லைத் திரும்ப விரிக்கத் தேதி குறித்திருப்பார், சொந்த அணியின் வீரர்கள் இயற்கைப் புல்லே வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாலும். கடைசி ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பே நீரைக் குறைத்தால் பாளம் எடை குறைந்து உரிக்க எளிது, ஆனால் அந்த ஆட்டத்தில் தளம் இறுகிவிடும். அதனால் ஆட்டம் முடியும் வரை குறைக்காதீர்கள். இழை கலந்த புல்லை மணலோடு சேர்த்து விற்க முடியாது. முதலில் மேல் 40–50 மி.மீ.யைச் சுரண்டித் தனியாக அனுப்புங்கள். அடியில் இருக்கும் சுத்தமான மணலைப் பயிற்சி மைதானங்களோ பள்ளிகளோ எடுத்துக்கொள்ளும். யாருக்கு, எத்தனை டன், யார் லாரி என்பதைப் புல் வருவதற்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். வடிகால் பெட்டிகளைக் கழுவி, எண்ணி, அடுக்கி வைக்க ஒரு கிடங்கு வேண்டும்.